வழுக்கிய பெல்ட்

"ஆயுத பூசைக்கு மறுநாள், காலை. வலது கை உருளைக்குள் போனது. பெல்ட் வழுக்கியது. ஏன்?"

என் போன வருட நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது. இடது கையால் எழுதியதால் எழுத்துகள் சரிந்து கிடக்கின்றன.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறேன். பாணுக்குப் பிசைந்த மாவை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தட்டையாக்கும் இயந்திரம் என் பொறுப்பு. மோட்டரிலிருந்து உருளைக்குப் போகும் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. ஒருதடவை நிறுத்தினால் திரும்ப ஓட வைப்பதற்குள் உயிர் போய்விடும். முதலாளியிடம் கேட்டால், "அடுத்த மாசம் பாப்பம்" என்பார். அந்த மாதம் வரவே இல்லை. வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். செவ்வாய்தோறும் முருகனிடம் ஒன்றைத்தான் கேட்டேன்: புதுப் பெல்ட். கிடைக்கவில்லை.

ஆயுத பூசையன்று இயந்திரத்தைத் துடைத்துச் சந்தனம் பூசினேன். பாண் சுடும் போறணையைப் பார்க்கும் நசீர் நானா சிரித்தார். "பெல்ட்டுக்கும் ஒரு பொட்டு வைங்க. அப்பயாவது அதுக்குப் புத்தி வரட்டும்." வைத்தேன். உட்புறத்திலும் பட்டதா, நினைவில்லை.

மறுநாள் உருளையில் மா ஒட்டிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி ஓடாதே என்று, ஓடும்போதே சுரண்டினேன். விரல்கள் உள்ளே போயின. சுவிட்ச் எட்டவில்லை. "முருகா" என்றேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. மோட்டர் அலறியது. பெல்ட் வழுக்கியது. உருளைகள் நின்றன. நசீர் நானா ஓடிவந்து சுவிட்சை அணைத்து, உருளையைப் பின்னோக்கிச் சுற்றிக் கையை எடுத்தார்.

கண்டி ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இரண்டு விரல்களில் எலும்பு முறிந்திருந்தது. மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். எனக்குப் பாண் வேலையும் பேனையும் அந்தக் கையில்தான். கட்டோடு படுத்து அழுதேன். பிறகு யோசித்தேன். என்னை ஓடும் உருளையில் கைவைக்கச் செய்ததும் அந்தப் பெல்ட். கையை விட்டதும் அதே பெல்ட். புதுப் பெல்ட் கிடைத்திருந்தால் நிறுத்திவிட்டுச் சுரண்டியிருப்பேன் என்கிறது ஒரு மனம். பழக்கதோஷத்தில் எப்படியும் கை வைத்திருப்பாய், வழுக்காத புதுப் பெல்ட் கையை விட்டிருக்காது என்கிறது இன்னொரு மனம்.

எது சரி என்று நசீர் நானாவிடம் கேட்டேன். "அல்லாஹ் பாதுகாத்தான். நீங்க முருகன் எண்டு செல்லுங்க, சண்டையில்ல. ஆனா இனி மெஷின நிப்பாட்டிட்டுச் சுரண்டுங்க."

விரல்கள் மடங்குகின்றன. இதை வலது கையால்தான் எழுதுகிறேன். என்னை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த முதலாளி, திரும்பிப் போனதும் புதுப் பெல்ட்டும் அதற்கொரு மூடியும் பூட்டினார். நான் இப்போது ஓடும் இயந்திரத்தைத் தொடுவதில்லை. முருகன் கோயிலில் இன்னது வேண்டும் என்று பேர் சொல்லிக் கேட்பதுமில்லை. கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். வேலையிடத்தில் மனம் நொந்திருக்கும் உங்களிடமும் இதைத்தான் சொல்வேன்: அவனிடம் சொல்லுங்கள். வழியை அவன் பார்த்துக்கொள்வான்.

ஒன்று மட்டும் மிச்சம். கழற்றிய பழைய பெல்ட்டில், சக்கரத்தைப் பற்றும் உட்புறத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது என்கிறார் நசீர் நானா. நான் வேலைக்குத் திரும்புவதற்குள் அதை எறிந்துவிட்டார்கள். அது என் சந்தனமா, படிந்து காய்ந்த பழைய மாவா என்பதை இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.