நான்காவது குழாய்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. எங்கள் தேநீர்க்கடையில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அபு துஃபூல், அதாவது துஃபூலின் அப்பாவான நான், ஒரு மத்தி பிடித்தால், வீடு போய்ச் சேர்வதற்குள் அது திமிங்கிலமாகிவிடும் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். சலாலா துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எதையும் தூக்கித் தூக்கியே பழகிவிட்டது. ஆனால் இந்தக் கதையில் மட்டும் நான் எதையும் கூட்டவில்லை. சில இடங்களில் குறைத்துத்தான் சொல்கிறேன். நீங்கள் தூங்க வேண்டாமா?

கரீஃப் என்னும் எங்கள் பருவமழைச் சாரல் தொடங்கி இரண்டாவது வாரம். மூடுபனி மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் தெருவிலேயே குடியேறிவிட்டது. பட்டப்பகலில் தெருவிளக்கு எரிந்தது. என் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று மாலை என் மகள் துஃபூலையும், பிறந்து மூன்றே நாளான பேத்தியையும் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வர வேண்டும். மருமகன் கப்பலில் வேலை, நடுக்கடலில் இருந்தான். இருந்த ஒரே வண்டி என்னுடைய பிக்கப்.

அந்த பிக்கப்பை தும்ரைத் பாலைவனத்தில் ஓர் ஒட்டகக்காரரிடம் வாங்கியிருந்தேன். பகீத் என்று பெயர். சாவியைக் கொடுக்கும்போது, "தண்ணி பட்டா பின் சீட்டு கொஞ்சம் நனையும். நனையட்டும், விட்டுடு" என்றார். பாலைவனத்தில் ஏது மழை? நானும் விட்டுவிட்டேன்.

சாரல் வந்தது. ஓட்டுபவருக்கு நேர் பின்னால் இருக்கும் சீட்டு குளமாகிவிட்டது. நான் அதில் மீனே வளர்த்திருப்பேன். மற்ற சீட்டெல்லாம் காய்ந்த கருவாடு. குழந்தையை மறுபக்கம் உட்கார வைக்கலாமென்றால், அந்தப் பக்கத்து பெல்ட்டைப் பகீத்தின் ஆடு தின்றிருந்தது. துஃபூல் போனிலேயே சொல்லிவிட்டாள்: "அப்பா, சீட்டுல ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் நான் ஏற மாட்டேன். பிள்ளைக்கு ஏற்கெனவே மூச்சு கொஞ்சம் பலவீனம்னு டாக்டர் சொல்றார்."

அதனால்தான் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் முஸ்தஹீலை இழுத்து வந்தேன். மீன்பிடித்து ஓய்ந்தவன், என் வயதுக்காரன். அவன் வண்டியில் பின் சீட்டே கிடையாது. மத்தி நாற்றம் மட்டும் உண்டு.

"கூரையில ஜன்னல் வெச்ச வண்டி எதுக்குடா உனக்கு? நட்சத்திரம் எண்ணவா?"

"வாயை மூடிட்டுக் கீழ படு. தண்ணி வருதான்னு பாரு."

விஷயம் எளிது. கூரைக் கண்ணாடியைச் சுற்றி ஒரு வாய்க்கால் இருக்கும். அதன் நான்கு மூலையிலும் ஒவ்வொரு குழாய். வண்டியின் தூணுக்குள் இறங்கி, முன் இரண்டும் கதவுக் கீல் பக்கத்திலும், பின் இரண்டும் பின் சக்கரத்துப் பக்கத்திலும் தண்ணீரை வெளியே விடும். தூசி அடைத்தால் தண்ணீர் உள்ளே ஒழுகும். அவ்வளவுதான்.

அந்தச் சீட்டுக்கு மேலே, பின் மூலையில் கூரைத் துணியைக் கழற்றித் தொங்கவிட்டேன். குழாயின் வாய் தெரிந்தது. ஒவ்வொரு மூலையாகத் தண்ணீர் ஊற்றினேன்.

"ஒண்ணு வருது... ரெண்டு வருது... மூணு வருது."

நான்காவது வரவில்லை. தண்ணீர் நிரம்பி, நேராக அந்தச் சீட்டில் விழுந்தது.

முஸ்தஹீல் தன் தடித்த தூண்டில் நரம்பைக் கொடுத்தான். முனையில் சின்ன முள்ளைக் கட்டி உள்ளே விட்டேன். மெத்தென்று எதிலோ இடித்தது. முறுக்கி இழுத்தேன்.

தூசி இல்லை. பஞ்சு. வெள்ளைப் பஞ்சு, திரித்துத் திணித்தது. ஒரு முழம் வந்தது. சரி, ஒரு சாண்.

அது உலர்ந்திருந்தது. அத்தனை தண்ணீர் மேலே நின்றும்... உலர்ந்திருந்தது.

முஸ்தஹீல் முகர்ந்து பார்த்துவிட்டுக் கையை உதறினான். கற்பூர வாசனை. கற்பூரம் தடவிய பஞ்சை எதற்கு வைத்துக்கொள்வோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிணத்தைக் குளிப்பாட்டிய பின் வைப்பது.

"தண்ணி ஊத்து. இருட்டறதுக்குள்ள முடிச்சுத் தொலை" என்றான்.

ஊற்றினேன்.

க்ளக்.

விழுங்கும் சத்தம்.

"வந்துச்சா?"

"இல்லடா."

ஒரு கெண்டித் தண்ணீர் முழுதும் உள்ளே போனது. மேலே வழியவில்லை. கீழே வரவில்லை.

குழாய் உள்ளே எங்காவது கழன்றிருக்கும் என்று மறுபடி நரம்பை விட்டேன். பாதி தூரத்தில் அது சுண்டி இழுத்தது. மெதுவாக. இரண்டு முறை.

"இழுக்காத முஸ்தஹீல்."

"யாருடா இழுத்தா? என் கை ரெண்டும் இங்க இருக்கு பாரு."

பின் சக்கரத்தின் அந்தப் பக்கம் இரண்டு கைகள் எழுந்து ஆடின. காலியாக. என் விரலில் நரம்பு மறுபடி சுண்டியது.

எழுந்து வந்து அவனும் பிடித்துப் பார்த்தான். நாற்பது வருடம் கடலில் இருந்தவன். "மீன் இல்ல. மீனு வாயால இழுக்கும். இது... விரலால."

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. புகை. எங்கள் ஊரில் சாம்பிராணி மணக்காத வீடு கிடையாது. என் மனைவி துணிக்கு, தண்ணீர்ப் பானைக்கு, என் தாடிக்குக்கூடப் புகை போடுவாள். தூபக்காலை வண்டிக்குள் வைத்து, கதவையும் ஜன்னலையும் மூடி, கூரைக்கு மேல் ஈரச் சாக்கைப் போர்த்தினால், எந்தக் குழாய் திறந்திருக்கிறதோ அதன் வழியாகப் புகை கீழே வந்துவிடும். நான் இருமிக்கொண்டே உள்ளே உட்கார்ந்தேன்.

"மூணுலயும் புகை வருது" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "நாலாவதுல இல்ல."

நான் அந்தக் குழாயின் வாயைப் பார்த்தேன்.

புகை அதற்குள் போனது.

கொஞ்சம். நின்றது. இன்னும் கொஞ்சம். நின்றது.

பிறகு வெளியே வந்தது... நீளமாக...

இரண்டு சின்ன இழுப்பு. ஒரு நீண்ட விடுப்பு.

மறுபடியும்.

மறுபடியும்.

காற்று என்று நினைத்தேன். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

என் முகத்துக்கு நேராகத்தான் விட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போது அந்தி நேரத்து மஃரிப் பாங்கு ஒலித்தது.

புகை வருவது நின்றுவிட்டது.

கீழே சடசடவென்று சத்தம். முஸ்தஹீல் அலறினான். ஊற்றிய தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் அவன் மேல் கொட்டியிருந்தது. "சூடா இருக்குடா! உடம்புச் சூடு!" சொல்லிக்கொண்டே எழுந்தான். "சுறாகிட்டயே சிரிச்சுப் பேசினவன் நான். இதுக்கு ஆள் நான் இல்ல." செருப்பை விட்டுவிட்டே ஓடினான். வயிறு அவனுக்கு முன்னால் ஓடியது.

நான் என்ன செய்வது? துஃபூல் காத்திருந்தாள். சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சற்று முன்பு வரை பிழிந்தால் ஒரு வாளி வந்திருக்கும். இப்போது எலும்பு போல் காய்ந்திருந்தது. அதில் குழந்தை சீட்டைக் கட்டினேன். போய் அழைத்து வந்தேன். வழியெல்லாம் சாரல். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

"அப்பா, பிரமாதம்" என்றாள் மகள், முன் சீட்டிலிருந்து. "பாருங்க, மூலையவே பார்த்துக்கிட்டு சிரிக்கிறா."

அதன் பிறகு அந்தக் குழாய் ஒழுங்கானது. தண்ணீர் ஊற்றினால் கீழே வருகிறது. புகை போட்டால் கீழே வருகிறது. வெறும் குழாய். பத்து தடவை பார்த்தேன். சரி, இரண்டு தடவை.

மூன்று வாரம் கழித்துப் பகீத்தைச் சந்தையில் பார்த்தேன். ஒழுகலைச் சரிசெய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னேன். அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"பஞ்சை எடுத்துட்டியா?"

"நீங்களா வெச்சீங்க?"

"ஒழுகினா ஒழுகட்டும்னுதானேப்பா சொன்னேன்." குரலை இறக்கினார். "என் சின்னப் பொண்ணுக்கு மூச்சுத்திணறல். அந்தச் சீட்டுலதான் படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். பாதி வழியில மூச்சு நின்னுடுச்சு. அடக்கம் பண்ணிட்டு வீட்டுக்கு வர்றேன்... வாசல்ல வண்டி மூச்சு விட்டுக்கிட்டு நிக்குது. மிச்சமிருந்த பஞ்சாலதான் அடைச்சேன்."

பிறகு அவரே கேட்டார்.

"இப்பவும் விடுதா?"

"இல்ல. பஞ்சை எடுத்த அன்னிக்கே நின்னுடுச்சு."

அவர் என்னையே பார்த்தார். "அன்னிக்கு அந்தச் சீட்டுல யாரை உட்கார வெச்ச?"

என் பேத்தி கொழுகொழுவென்று வளர்கிறாள். மூச்சு பலவீனமெல்லாம் வீடு வந்த அன்றே போய்விட்டது, டாக்டருக்கே ஆச்சரியம். இதை எழுதும்போது பக்கத்து அறையில்தான் தூங்குகிறாள். கதவு திறந்திருக்கிறது. இங்கிருந்தே கேட்கிறது.

இரண்டு சின்ன இழுப்பு.

ஒரு நீண்ட விடுப்பு.