நைனாவின் நோய்க்குப் பெயர் உண்டு

எங்கள் நைனா விக்கிரம வருஷம் ஆவணி மாதம் நாராயணவனத்தில் பிறந்தார். ஒரு சுற்று முடிந்து அதே விக்கிரம வருஷம் வந்திருக்கிறது. அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அச்சிட வேண்டிய நாங்கள் முதலாண்டு நினைவு மலரை அச்சிடுகிறோம்.

இளமையிலேயே தகப்பனாரை இழந்து, நூலுக்குச் சாயம் தோய்க்கும் தொழிலுக்கு வந்தார். வேர்ச்சாயம் ஒழிந்து, சீமைச் சாயம் டப்பாவில் வரத் தொடங்கிய காலம் அது. கையை முழங்கை வரை தொட்டியில் விட்டு நூலைப் புரட்டுவார். பொடி மூக்கிலும் வாயிலும் ஏறும். அந்த நெடிக்குச் சுருட்டே மருந்தென்று ஓயாமல் புகைத்தார். நடுவில் எழுந்தால் நூலில் திட்டு விழும் என்று தண்ணீர் குடிக்காமல், சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் சிறுநீர் சிவந்து போயிற்று. அடுத்த பட்டறை மாமா கேலி செய்தார்:

"இன்னா மச்சான், காலைல முக்குனது சாயந்தரமே எறங்குதா?"

"கெட்டிச் சாயம்னு சொல்லித்தான வித்தான்? என் வயித்துலயே நிக்கல!" என்றார் நைனா.

நாங்களும் சிரித்தோம். இறங்கியது சாயமல்ல, இரத்தம். வலி இல்லாததால் ஓராண்டு வீணாயிற்று. சிறுநீர் அடைத்த பிறகே சித்தூருக்குக் கொண்டுபோனோம். டாக்டர் முதலில் தொழிலைக் கேட்டார், அடுத்துச் சுருட்டை. மூத்திரப்பையில் புற்று என்றார். ஒருவருக்கு இன்னதால்தான் வந்தது என்று அறுதியிட முடியாவிட்டாலும், சாயமும் புகையும் இந்நோய்க்கு வழி செய்யும் என்று விளக்கினார். மேல்நாட்டுச் சாயத் தொழிலாளரையும் இது தாக்குவதைப் பின்னர் நானே படித்தறிந்தேன்.

சென்ற பிரமாதி வருஷம் மாசியில் நைனா காலமானார். பாடை கட்டும்போதே உறவினர் ஒருவர் சொன்னார்: "திருப்பதிக்குப் பொடவ விக்கப் போயி இன்னாத்த வாங்கிக்கினு வந்தாரோ! மேகநோய்னு ஊருக்கே தெரியும்."

"கூடப் போனவ நான்தான். எங்கிட்ட கேளுய்யா!" என்றார் அம்மா.

உறவினர் குனிந்து பாடைக் கயிற்றை இறுக்கினார். ஊர் அடங்கவில்லை. தங்கையைப் பெண் பார்த்துச் சென்றவர்கள் திரும்பி வரவில்லை.

தகாத உறவால் வருவதென்று ஊர் தூற்றும் மேகநோய் கண்டவரையும் இப்படிப் பேசுவது தகாது. எங்கள் நைனாவுக்கு வந்தது அதுவுமல்ல. சாயக்காரர்களே, சிவந்தால் சிரிக்காதீர்கள். மறுநாளே வைத்தியரிடம் போங்கள்.

உண்மையை மறைக்காத டாக்டருக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் நைனாவின் துணி வெளுத்த சலவைக்கார அம்மாளுக்கும், இன்று பட்டறை தோறும் எச்சரித்து வரும் மாமாவுக்கும் எங்கள் நன்றி. பழி பேசியவர்களுக்கும் இம்மலர் அனுப்பப்படுகிறது. திருப்பி அனுப்பினால், உறையின் மேலேயே நோயின் பெயரை எழுதி மீண்டும் அனுப்புவேன்.