சுண்ணாம்பு மூடிய நகரம்

தேயிலைத் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை, லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் வந்தபோது அப்பாவும் நானும் இருந்தோம். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். இன்று ஹட்டனில் ஒரு கடைச் சுவரின் புதுச் சுண்ணாம்பு நெடி மூக்கில் ஏறியதும் அந்த ஆளின் முகம்தான் முதலில் வந்தது. கோபமும் ஆறாமல் கூடவே வந்தது.

எங்கள் சுவரில் மாவுக்கடை பாய் கொடுத்த காலண்டர் படம் இருந்தது. அமெரிக்காவின் விச்சிட்டா நகரம், வானத்திலிருந்து பார்த்தபடி: கோடு கிழித்தது போன்ற தெருக்கள், சோம்பலாக வளையும் ஆறு, கோபுரம் கோபுரமாகக் கோதுமைக் களஞ்சியங்கள், அவற்றை உரசிப் போகும் ரயில், அப்பால் ஒரு மேடுகூட இல்லாமல் வானம்வரை மஞ்சள் வயல். ஏறாமல் இறங்காமல் நடக்க ஓர் ஊர் உண்டு என்பதே அதிசயமாக இருந்ததால், தகரத்தில் மழை இரையும் மாலைகளில் அந்தத் தெருக்களில் விரலால் நடந்துகொண்டே இருப்பேன்.

தோட்டத்தை நடத்தும் துரை பார்வையிட வருகிறார் என்று லயத்துக்கு வெள்ளையடித்தார்கள்.

"என்னடா, அமெரிக்காவுல வேலைக்குப் பேர் பதிஞ்சிட்டியா?" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்த கணக்கப்பிள்ளை, வெள்ளையடிப்பவனிடமிருந்து சுண்ணாம்பு மட்டையை வாங்கிப் படத்தின் மேலேயே இழுத்தார்.

"புள்ள பாக்குற படமுங்கய்யா..." என்றார் அப்பா. அதற்குள் ஆறு போய்விட்டது.

மறுநாள் அம்மா லயத்துப் பெண்களிடம், "முத்துன எலையையும் சேத்துப் பறிங்கடி. கொழுந்துக்குப் பொறுப்பு கணக்கப்புள்ளதானே, துரை அவன் மூஞ்சியில கொட்டட்டும்" என்றாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் துரை கூடைகளைக் கிளறிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கணக்கப்பிள்ளையை ஏசினார். அவர் தலை குனிந்து நின்றதை அம்மா நடித்துக் காட்டுவாள். நான் இன்னொரு தடவை கேட்பேன்.

அன்று அந்தப் பெண்கள் எல்லாருக்கும் அரைப்பேர்தான் போட்டார்கள். ஆளுக்குப் பாதி நாள் சம்பளம் போனது; அந்தக் குனிந்த தலைக்கு அது மலிவு.