மடித்து வைத்த லுங்கி

பவுனம்மாள் தஸ்தகீருக்குப் பர்மாப் பணத்தில் ஐந்து லட்சம் கியாட் கடன்பட்டிருந்தாள். மாவு கிரைண்டர் வாங்க அவர் கொடுத்த பணம். வட்டி கிடையாது, பத்திரமும் கிடையாது. ஆளைப் பார்த்தாலே தஸ்தகீருக்கு எடை தெரிந்துவிடும்.

அந்தக் கண் சும்மா வந்ததா? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, லுங்கி மூட்டையைத் தோளில் போட்டு ரங்கூன் என்கிற யாங்கோனில் தெருத்தெருவாகக் கூவி விற்றவர் அவர். இன்றைக்கு அதே ஊரில் பபேடான் கடைவீதியில் கண்ணாடிக் கதவு போட்ட ஜவுளிக்கடை அவருடையது. அதில் அப்பன் வீட்டுக் காசு ஒரு செல்லாக்காசு கூட இல்லை. மகளைக் கட்டிக்கொடுப்பதா, கடையை மாற்றுவதா, எதுவானாலும் தெருவில் பாதிப்பேர் அவரிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். அவர் சொல்வதே இல்லை என்பதுதான் வேடிக்கை. வந்தவர்களே சொல்லிக்கொண்டு போவார்கள்.

அன்று காலை பவுனம்மாள் க்யிம்யிண்டைங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அங்கே சந்தையோரம் அவளுக்குத் தோசைக்கடை.

"பாய், கிரைண்டரை வித்துடட்டுமா? கரண்டு இல்லாம மாவு அரைக்க முடியல, பாதி நாள் கடை மூடிக் கெடக்கு. மிங்கலாடோன்ல ஒரு வீட்ல சமையலுக்குக் கூப்பிடறாங்க. வித்தா உங்க கடனும் அடைஞ்சுடும்."

'வித்துடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வாரமே பணம் கைக்கு வந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. தஸ்தகீர் அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினார்.

பக்கத்துப் பாத்திரக்கடை அய்யாசாமி சிரித்தார். "பாய்கிட்ட கேக்கறதும் செவுத்துக்கிட்ட கேக்கறதும் ஒண்ணுதான் தாயி."

தஸ்தகீரின் வழி கடையில் கற்ற வழி. பர்மாவில் பெண்களுக்கும் லுங்கிதான். இரண்டு லுங்கியை வைத்துக்கொண்டு எதை எடுப்பதென்று ஒருத்தி முழிக்கிறாள் என்றால், இது நன்றாயிருக்கு என்று அவர் வாய் திறக்கமாட்டார். ஒன்றை மடித்து அலமாரிக்குக் கொண்டுபோவார். அவள் கண் அதன் பின்னாலேயே போனால், அவளுக்கு வேண்டியது அதுதான்.

"சரி, வித்தாச்சு," என்றார். "நாளைக்கு ஆளு வந்து தூக்கிட்டுப் போறான். நீ மிங்கலாடோன் போய்ட்ட. அப்புறம்?"



"தூக்கறவன் கல்லைத் தனியா எடுக்கணும் பாய். தெரியாம உடைச்சுடுவான்."

அவள் கண் கல்லின் பின்னாலேயே போவதை தஸ்தகீர் கண்டுகொண்டார்.

"உடைச்சா உனக்கென்ன? வித்த சாமான்தானே?"

"எனக்கென்னவா?" குரல் ஏறியது. "நான் தெனம் கழுவித் தொடைச்ச கல்லு!"

"அப்ப கரண்டுக்கு என்ன பண்ணுவ?"

"அடியோட வராமயா இருக்கு? நேரங்கெட்ட நேரத்துல வருது. வந்தப்ப அரைச்சு வெச்சா..."

"புளிச்சுடும்."

"புளிக்கறதுக்குள்ள வித்துட்டா? எங்க தெருவுல எல்லார் வீட்டுலயும் இதே கதிதான். கரியடுப்பு இருக்கு, மாவு இல்ல. தோசையா விக்காம மாவாவே வித்தா?"

"என்கிட்ட கேக்கறியா?"

"இல்ல பாய், சொல்றேன்." எழுந்து போய்விட்டாள்.

"அஞ்சு லட்சம் அந்தப் பக்கம் போகுது, பாருங்க," என்றார் அய்யாசாமி.

தஸ்தகீருக்கு எரிச்சல்தான். அன்று முழுக்கக் கடையில் யாரிடமும் நல்ல முகம் காட்டவில்லை. ஆனால் கூப்பிட்டு நிறுத்தவுமில்லை. அடுத்தவர் முடிவில் கைவைத்து அவர் சம்பாதித்ததில்லை.

மழைக்காலம் முடிந்தது. பவுனம்மாள் மாவுப் பொட்டலம் ஒன்றோடு கடைக்குள் வந்தாள். "இது வீட்டுக்கு. கையை நீட்டுங்க பாய்."

யாங்கோனில் கசங்கிய நோட்டை யாரும் லேசில் வாங்கமாட்டார்கள், தஸ்தகீர் அதிலும் ஒருபடி மேல். அன்று காலைதான் ஒரு மடிப்பு விழுந்ததென்று அய்யாசாமியின் நோட்டைத் திருப்பிக் கொடுத்திருந்தார். பவுனம்மாளின் நோட்டுகளோ நாலாக மடிந்து, ஓரமெல்லாம் காய்ந்த மாவு.

"என்னம்மா இது, இப்படி ஒட்டிக் கெடக்கு?"

"மாவு வித்த காசு பாய். வேற எப்படி இருக்கும்?"

அய்யாசாமி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். தஸ்தகீர் நீட்டிய கையை மடக்கவில்லை. பவுனம்மாள் விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, ஐந்து லட்சத்தையும் அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தாள்.