ஒரு வீட்டுக்கு ஒரு மெசேஜ்

புதிய அமைச்சர் பதவியேற்ற வாரத்தில் எங்கள் நிலையத்தில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அமைச்சர்கள் வருவார்கள், போவார்கள். வரவேற்பறைச் சுவரில் படம் மாறும், அவ்வளவுதான். இந்த முறை பண்பாடும் ஒலிபரப்பும் ஒரே அமைச்சின் கீழ் வந்தன. பொது ஒலிபரப்புக்குப் பணம் தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு நிகழ்ச்சியும் காட்ட வேண்டும் என்று அவர் தொலைக்காட்சியில் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். நியாயமாகத்தான் பட்டது. அவர் எங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது மறுநாள்தான் உறைத்தது.

நான் முழுநேர அறிவிப்பாளர் இல்லை. வாரநாட்களில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கிராணி, கணக்கு எழுதும் வேலை. சனிக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றுவரை, ஜார்ஜ் டவுனில் உள்ள அரசாங்க வானொலி நிலையத்தில் பினாங்கு வட்டாரத்துக்கான தமிழ் நிகழ்ச்சியை நடத்துவேன். பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் பிறந்தநாள், திருமணநாள் வாழ்த்து. பதினான்கு வருடமாக இதுதான் என் சனிக்கிழமை. அது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் ஆட்கள் வாழ்த்து அனுப்பும் விதத்தை வெளியாளுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஒரு பிள்ளைக்கு ஐந்து வயது முடிகிறது என்றால், அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை, அவர்களுடைய பிள்ளைகள், பாகான் டாலாமில் இருக்கும் ஒன்றுவிட்ட சொந்தம் என்று முப்பது பெயர் இருக்கும். அதையே அம்மா ஒரு தடவை அனுப்புவார், சித்தி ஒரு தடவை, பக்கத்து வீட்டு அக்கா ஒரு தடவை. ஒரு பெயரை விட்டால் திங்கட்கிழமை நிலையத்துக்குப் போன் வரும். ஒரே பிள்ளையை ஒரே காலையில் நான்கு தடவை வாழ்த்தி, வைத்திருந்த பாட்டுகளில் பாதியைப் போட முடியாமல் போன ஒரு நாளில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இனிமேல் ஒரு வீட்டுக்கு ஒரு மெசேஜ் போதும் என்று ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டேன். கொஞ்சம் கடுகடுவென்றுதான் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து எல்லாரும் அப்படியே செய்தார்கள். நம் நேயர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

புத்ராஜெயாவிலிருந்து அமைச்சின் அதிகாரி ஒருவர் வந்தார். இளம் மலாய்ப் பெண், சிரித்த முகம். மடிக்கணினியைத் திறந்து எங்கள் நிகழ்ச்சியின் நேயர் எண்ணிக்கையைக் காட்டினார். மெசேஜ் அனுப்பிய கைப்பேசி எண்களை வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரு பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடலாம். இதே நிலை என்றால் அடுத்த ஒதுக்கீட்டில் இந்த ஒரு மணி நேரம் இருக்காது என்று வருத்தமாகவே சொன்னார். எங்கள் நிலையப் பொறுப்பாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானே போட்ட சட்டம், நானே வெட்டிய குழி.

விடுவேனா? மலாயில் மூச்சுவிடாமல் பேசினேன். ஒரு மெசேஜ் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு வீடு. இதோ பாருங்கள், ஒவ்வொன்றிலும் இருபது பெயர், முப்பது பெயர். உங்கள் கணினிக்கு எங்கள் குடும்பத்தை எண்ணத் தெரியவில்லை என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நேயர் எண்ணிக்கைப் படிவத்தில் பெயர்களுக்குத் தனியாக ஒரு கட்டம் சேர்க்கிறேன், மூன்று வாரப் பெயர்களை எண்ணி நிரப்புங்கள், ஆனால் சிலரையாவது கூப்பிட்டு அவர்கள் நேயர்கள்தான் என்று உறுதி செய்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அன்றைக்குக் கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் படியிறங்கினேன்.

முதலில் தாசேக் கெலுகோர் என்ற ஊரிலிருந்து மெசேஜ் அனுப்பும் அக்காவைப் போனில் கூப்பிட்டேன். கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை தவறாமல் அவர் மெசேஜ் வந்துவிடும்; பிறந்தநாள் இல்லாத வாரத்தில் சும்மாவே வாழ்த்துவார். பட்டியல்களிலேயே நீளமானது அவருடையதுதான். அதுவரை அவரிடம் நான் பேசியதே இல்லை. என் குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். சந்தோஷமாகப் பேசினார். பட்டியலில் இருக்கிறவர்கள் எல்லாரும் நிகழ்ச்சியைக் கேட்கிறார்கள்தானே, அமைச்சுக்கு எழுத வேண்டும் என்றேன். ஆமாம் என்ற பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைக்கூடத் திறந்து வைத்திருந்தேன்.

"அதுங்க எங்க கேக்குதுங்க தங்கச்சி? பெரியவன் சிங்கப்பூர்ல, சின்னவ ஜோகூர்ல. பேரப்பிள்ளைங்களுக்குத் தமிழே சரியா வராது" என்றார்.

அப்புறம் எதற்கு அவர்கள் பெயரை எல்லாம் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்கும்.

"நான் கேக்கறேன்லா. இந்த வீட்டுல வாரம் பூரா யாரு பேரையும் கூப்பிட ஆள் இல்ல. நீங்க ஒருத்தர்தான் சத்தமா சொல்றீங்க."

எனக்கு முதலில் வந்தது கோபம். அவர் என்னை ஏமாற்றிவிட்டதுபோல ஒரு கோபம். அவர் எப்போது என்னிடம் அத்தனை பேரும் கேட்கிறார்கள் என்று சொன்னார்? நானாகத்தான் முடிவு கட்டிக்கொண்டேன். போனை வைத்த பிறகு வெட்கம் வந்தது. அந்தப் பெயர்களை இத்தனை வருடமும் பஸ் நிறுத்தங்களை ஒப்பிப்பதுபோல ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளியிருக்கிறேன், அடுத்த பாட்டுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில்.

இன்னும் ஆறு பேரைக் கூப்பிட்டேன். கெப்பாலா பத்தாஸில் ஒருவர், தன் மனைவியும் சேர்ந்து கேட்பார் என்றார். மற்றவர்கள் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். பெயர்கள் கோலாலம்பூரில், மெல்பர்னில், சிலது அந்த நேரத்தில் வேலையில். அனுப்பியவர் மட்டும் வானொலிக்குப் பக்கத்தில். அமைச்சின் கணினி சரியாகத்தான் எண்ணியிருந்தது.

பொறுப்பாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், என்னைவிட வயதில் இளையவர். நிகழ்ச்சி போனால் அவர் பிரிவுக்கும் ஆள் குறைப்பார்கள். கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"பேரு இருக்குல்ல அக்கா? நாமளா எழுதுனோம்? அவங்க அனுப்புனதுதானே. எண்ணிப் போட்டுடுங்க லா, யாரு வந்து பாக்கப் போறா."

போட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மறைக்க ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பட்டியல்களை மேசைமேல் பரப்பி, பென்சிலால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். தாசேக் கெலுகோர் அக்காவின் பட்டியலில் மகன், மகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் முடிந்த பிறகு, கடைசியில் என் பெயர் இருந்தது. மூன்று வாரமும் இருந்தது. பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன், வருடக்கணக்காக இருந்தது. அறிவிப்பாளருக்கு மரியாதைக்காக எழுதுகிறார் என்று ஒருநாளும் அதை வாசித்ததில்லை, கண் அங்கே நின்றதுகூட இல்லை. ஆனால் அதற்கு முன்னால் அறிவிப்பாளர் என்ற வார்த்தையே இல்லை. கடைசிப் பேத்திக்கு அடுத்து, ஒரு கமா, வெறும் பெயர். அவர் வீட்டுக்கு வராதவர்களில் நானும் ஒருத்தி.

அந்தப் பெயருக்குக் கோடு போட என் கை போகவில்லை. அதைப் போடாவிட்டால் மற்றவற்றுக்கும் போட முடியாது. மெசேஜ் எண்ணிக்கையையே பெயர்களுக்கான கட்டத்திலும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொறுப்பாளர் படிவத்தை இரண்டு நாள் தன் மேசையிலேயே போட்டு வைத்திருந்தார். மூன்றாம் நாள் தன் கையெழுத்தையும் போட்டு அனுப்பினார்.

பதில் பண்பாகவே வந்தது. வட்டார நிகழ்ச்சிக்கான ஒதுக்கீடு நிறுத்தப்படுகிறது. நேயர்கள் இனிமேல் தலைநகரின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்கலாம். வாழ்த்துகளைச் செயலி வழியாக அனுப்பலாம். அமைச்சரைத் திட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி, நான் சொன்னது உண்மையான பதில். ஒரே ஒருவர் கேட்டாலும் அது நடக்க வேண்டும் என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இருந்திருந்தாலும் எனக்கு அப்போது எழுதத் தோன்றியிருக்குமா தெரியாது. பொய்யாக ஒரு எண்ணைப் போட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் சில சனிக்கிழமைகளில் நினைக்கிறேன்.

கடைசி வாரம் பாட்டுகளைக் குறைத்துக்கொண்டு பெயர்களுக்கு நேரம் ஒதுக்கினேன். தாசேக் கெலுகோர் அக்காவின் பட்டியல் வழக்கம்போல ஒன்றுதான் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நடுவே மூச்சுவிட்டு, யாரோ வாசலில் நிற்கிறார் என்று உள்ளே சொல்வதுபோல வாசித்தேன். கடைசிப் பேத்தி முடிந்ததும் என் பெயரையும் சொன்னேன். பதினான்கு வருடத்தில் அந்தப் பட்டியலை முழுதாக வாசித்தது அன்றைக்குத்தான். அடுத்த பாட்டு ஆரம்பித்தபோது மேசைமேல் இருந்த போனில் அவருடைய மெசேஜ் வந்தது.

"கேட்டேன் தங்கச்சி. எல்லாரும் வந்துட்டீங்க."