புளிய மரமும் அக்காவின் முதுகும்

தென்காசியில் சாரல் பிடித்துவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம். குற்றாலத்துக்குப் போகிற வண்டிகள் எங்கள் தெருமுனை வரை வரிசை கட்டி நிற்கும். எனக்கு மட்டும் அந்த நாட்கள் முழுக்க எரிச்சல்தான். மண்ணில் சிற்பம் செய்து சூளையில் சுடுகிறவளுக்குச் சாரல் ஆகாது. செய்த உருவம் மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும், உள்ளே ஈரம் அப்படியே கிடக்கும். அதைச் சூளையில் வைத்தால் ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் மண்ணைப் பிளந்துவிடும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம் இது. இருபது வருஷமாக இதிலேயே கிடக்கிற எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

கொச்சியில் ஒரு கண்காட்சிக்குச் சிற்பம் கேட்டிருந்தார்கள். மனிதரும் இயற்கையும் என்று தலைப்பு. அதைக் கேட்டதுமே எனக்கு வாய் கசந்தது. பெண் முகம் ஒன்று, தலைமுடிக்குப் பதிலாக வேர், கையில் ஒரு குருவி. நானே அப்படி நாலைந்து செய்து விற்றிருக்கிறேன், அதனால்தான் கசப்பு. இந்த முறை அழகாக எதையும் செய்யக் கூடாது என்று இருந்தேன்.

அந்தப் பங்குனியில் ரோட்டை அகலப்படுத்தப் புளிய மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். வெட்ட வேண்டிய மரத்தில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருந்தது. நான் ஈர மண்ணைக் கனமான பலகை போலத் தட்டி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு மரத்தின் மேல் அப்பி உள்ளங்கையால் அழுத்தினேன். மரம் அறுக்கிறவர் ரம்பத்தோடு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மரத்துக்கு மாவுக்கட்டு போடுதீயளாக்கும்? சீக்கிரம் போடுங்க மேடம், இன்னும் ஆறு மரம் கெடக்கு” என்றார்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மண்ணை உரித்து எடுத்தபோது பட்டையின் ஒவ்வொரு வெடிப்பும் அதில் வரம்பு வரம்பாக எழுந்து நின்றது. மரத்தில் புடைத்திருந்த இடமெல்லாம் மண்ணில் குழியாகியிருந்தது. நான் ஆட்டோவில் ஏறுவதற்குள் ரம்பச் சத்தம் கேட்டது. பங்குனி வெயிலில் அந்தப் பலகை எலும்பு போலக் காய்ந்தது. அதற்கு எதிரில் நிறுத்த மனித உடம்பு ஒன்று வேண்டும், அதையும் இதே போல் மண்ணை அப்பித்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். யாருடைய உடம்பு என்று தெரியவில்லை.

என் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா செத்த பிறகு பீடி சுற்றி என்னை வளர்த்தவள். அவள் மடியில் பீடி இலையும் தூளும் பரப்பிய சொளகு இல்லாமல் நான் பார்த்த நாட்கள் குறைவு. காட்டில் பறித்த இலையை வெட்டி, புகையிலைத் தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, மறுபடி அடுத்த இலை. சென்னையில் நான் சிற்பக் கலை படித்த வருஷங்களிலும் அவள் குனிந்த தலை நிமிரவில்லை. கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. கடைசியில் தூள் நுரையீரலில் இறங்கிவிட்டது. திருநெல்வேலியில் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு காலை அவளைக் குளிப்பாட்டும்போதுதான் அந்த முதுகை நன்றாகப் பார்த்தேன். வில்லாக வளைந்து, எலும்புகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி துருத்திக்கொண்டு, தோல் இரண்டு பக்கமும் மடிந்து தொங்கியது. எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. கிடைத்துவிட்டது என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். இதை எழுதவே கை கூசுகிறது.

முதுகை மண்ணில் அச்செடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டதும் அவள் சிரித்தாள். “ஏட்டி, இந்தக் கூன் முதுகையா கொச்சியில வைக்கப் போற? ஒனக்கு வேற சோலியே இல்லயா?” என்றாள். சற்று நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவளே சொன்னாள்: “எடுத்துக்க. ஆனா சுட்டதும் என்கிட்ட காட்டணும். என் நடு முதுகுல ஒரு மச்சம் உண்டும்னு அம்மா சொல்லுவா. எனக்குக் கையும் எட்டினதில்ல, கண்ணும் பாத்ததில்ல. அத ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்.”

மச்சம் இருந்தது, மிளகு அளவுக்குத் தடித்து. போனில் படம் எடுத்துக் காட்டட்டுமா என்றேன். “முதுகக் காட்டிப் போட்டோவா? சீ, போட்டி” என்றாள்.

மாவுக்கட்டுத் துணியை வைத்து அச்செடுத்திருக்கலாம். அது உடம்புக்குச் சூடாக இருக்கும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் எனக்குத் தோலின் ஒவ்வொரு சுருக்கமும் வேண்டும். மரத்துக்கு எப்படியோ அவளுக்கும் அப்படித்தான் என்று பிடிவாதம். அவளைக் குப்புறப் படுக்க வைக்க முடியாது, மூச்சு திணறும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் தலையணையை வைத்துச் சாய்ந்து உட்காரச் சொன்னேன். வெளியே சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது. ஈர மண்ணை அவள் முதுகில் வைத்ததும் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டது.

“குளுருதுட்டி.”

“அசையாத யக்கா. கொஞ்ச நேரந்தான்.”

முதல் தடவை அவள் இருமியதில் அச்சு கலைந்தது. இரண்டாம் தடவையும் கலைந்தது. மூன்றாவதாக மண்ணை வைத்தபோது அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, ஓரங்களை இன்னும் நன்றாக அழுத்தினேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள். மூச்சுக்கே தவிக்கிறவள் எனக்காக அதையும் நிறுத்தி வைத்தாள். அச்சு அற்புதமாக விழுந்தது.

அன்று மாலையே காய்ச்சல் வந்துவிட்டது. எப்படியும் வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவருக்கு நான் மண் விஷயத்தைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் எழுந்து உட்காரவில்லை. கண்ணும் மங்கிவிட்டது. தினமும் கஞ்சி புகட்டும்போது அவள் கேட்டது ஒன்றுதான். “காஞ்சிட்டா?” இல்லை என்பேன். மறுநாள், “காஞ்சிட்டாட்டி?” சாரலில் அந்த முதுகுப் பலகை காய்வதற்கு ஒரு மாதம் வேண்டும். அவளுக்கு ஒரு வாரம்கூட இருக்காது என்று பார்த்தாலே தெரிந்தது. பலகையை அடுப்பங்கரையில் வைத்தேன், ஃபேனுக்கு அடியில் வைத்தேன், கன்னத்தை ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சில்லென்றுதான் இருந்தது. ஈரம் இருந்தால்தான் அப்படிச் சில்லிடும்.

சுடாமலே அவள் கையில் கொடுத்திருக்கலாம். பச்சை மண்ணிலும் அந்த மச்சம் குழியாகப் பதிந்திருந்தது. இன்றைக்கு இது எவ்வளவு சுலபமாகத் தோன்றுகிறது! ஆனால் அவள் கை பட்டால் அச்சு மழுங்கிவிடுமே என்று பயந்தேன். அவள் ஆசையும் நிறைவேற வேண்டும், என் சிற்பமும் கெடக் கூடாது.

ஆடியில் ஒரு காலை, புளிய மரத்துப் பலகையையும் முதுகுப் பலகையையும் ஒன்றாகச் சூளையில் அடுக்கித் தீ மூட்டினேன். கொல்லையில்தான் சூளை, அக்காவின் கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர். மிகச் சிறிய தீயாகத்தான் வைத்தேன். பதினொரு மணி வாக்கில் உள்ளே டம்மென்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னும் இரண்டு.

“என்னட்டி சத்தம்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வெறகு வெடிக்கி யக்கா” என்றேன்.

தீயை அணைக்கவில்லை. மரமாவது மிஞ்சட்டும் என்று மாலை வரை விறகு போட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தபோது புளிய மரப் பலகை செம்மண் நிறத்தில் முழுசாக நின்றது. அதன் காலடியில் முதுகு சில்லு சில்லாகக் கிடந்தது.

“வெந்துட்டா?” என்று அக்கா கேட்டாள். குரல் அவ்வளவு சன்னமாகிவிட்டது.

நான் புளிய மரத்துப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் கைக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தேன். அவள் விரல்கள் மெதுவாக ஊர்ந்தன. பீடி சுற்றிச் சுற்றித் தேய்ந்த விரல்கள். நடுவில் தடித்து நின்ற வரம்பை மேலிருந்து கீழே தடவினாள்.

“இம்புட்டு சொரசொரப்பாவாட்டி இருக்கு என் முதுகு?”

பலகை நழுவாமல் பிடித்துக்கொண்டேன். அவள் தேடிக்கொண்டே இருந்தாள். மரத்தில் சின்னக் கணு ஒன்று புடைத்திருந்த இடம் இதில் குழியாக இருந்தது. ஆள்காட்டி விரல் அங்கே நின்றது.

“இங்கன இருக்கு, பாரு” என்றாள். “அம்மா சொன்னது நெசந்தான்.”

“ஆமா யக்கா” என்றேன்.

கையை அதிலேயே வைத்துக்கொண்டு தூங்கினாள். மூன்றாம் நாள் போய்விட்டாள். சிற்பம் வராது என்று கொச்சிக்குச் சொல்லிவிட்டேன். மரப் பலகையையும் அனுப்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, சூளையைக் கூட்டி அள்ள உட்கார்ந்தேன். சாரல் விட்டு வெயில் அடித்தது. சாம்பலோடு சில்லுகளை அள்ளும்போது உள்ளங்கை அளவில் ஒரு துண்டு கிடைத்தது. துடைத்துப் பார்த்தேன். முதுகெலும்பின் பள்ளத்தை ஒட்டி, மிளகு அளவில் ஒரு குழி. சுற்றிலும் தோலின் வரிகள்கூட அப்படியே இருந்தன.

“யக்கா, கெடச்சிட்டு!” என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினேன். அவள் கட்டிலை நான்தான் மடக்கிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தேன்.