ஓடெஸா அத்தை அனுப்பிய ஒற்றைப் பெயர்

எங்கள் ஊர் ஹார்லன் கிரீக்கில் ஓடெஸா அத்தைக்கு இரண்டு வேலை. காலையில் மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். அதை நிறுத்திவிட்டுத் தன் துருப்பிடித்த வேனில் ஏறி மூன்று மாநிலம் சுற்றுவாள். கல்லூரிப் பையன்கள் ஆடும் கூடைப்பந்தைப் பார்த்து, பெரிய தொழில்முறை கிளப் ஒன்றுக்குக் குறிப்பு எழுதி அனுப்புவாள்.

பார்ப்பாள் என்றால் நாம் பார்ப்பது போல இல்லை. பந்து ஒரு பக்கம் போகும், அத்தையின் கண் இன்னொரு பக்கம் போகும். மொத்த அரங்கமும் எழுந்து நின்று கத்தும்போது, பந்தைப் பறிகொடுத்தவன் அடுத்த மூன்று எட்டு எப்படி வைக்கிறான் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். பையன் இன்னும் வளருவானா என்று தெரிந்துகொள்ள அவனுடைய அம்மாவைப் பார்ப்பாள். ஒருமுறை ஒரு அம்மாவிடம், "உங்க ஷூ என்ன சைஸ்?" என்று கேட்டேவிட்டாள். அந்தம்மா பாப்கார்ன் டப்பாவோடு எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

கிளப்பில் ஒரு விதி. கிளப்புகள் புது ஆட்டக்காரர்களை எடுக்கும் ஜூன் மாதத் தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் ஒரே ஒரு பெயர்தான் அனுப்பலாம். அந்தப் பையனை மட்டும்தான் நேரில் கூப்பிட்டு ஆட வைத்துப் பார்ப்பார்கள். இந்த வருஷம் எங்கள் ஊர்க் கல்லூரியிலேயே இரண்டு பேர் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவன் கார்விஸ். இருபத்திரண்டு வயது, கடைசி வருஷம், ஆட்டத்துக்கு இருபத்தொரு புள்ளி. அவன் என் அண்ணன். இன்னொருவன் மார்க்வெல். பத்தொன்பது வயது, முதல் வருஷம், ஆட்டத்துக்கு நாலு புள்ளி. ஓடும்போது தன் காலைத் தானே மிதித்துக்கொள்வான்.

ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. முடிவெட்டும் கடையில் அண்ணன் படத்தை மாட்டியே விட்டார்கள். அம்மா மட்டும் அத்தையின் முகத்திலிருந்து எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள்.

"ஏன் அண்ணி, இன்னும் அனுப்பலையா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு, டோரீன்."

"ஒரு பெயரை எழுத ஒரு வாரமா? நான் அவனுக்குப் பெயர் வைக்கவே ரெண்டு நிமிஷம்தான் எடுத்துக்கிட்டேன்."

"விடுங்கம்மா," என்றான் அண்ணன். "அத்தை அளந்து பாக்கட்டும். நானா பயப்படறேன்?"

அவன் பயப்படத்தான் செய்தான். எங்கள் பக்கத்துக் கல்லூரிகள் அச்சடிக்கும் ஆட்டப் புத்தகத்தில் எல்லோரும் சற்று வளர்ந்தே இருப்பார்கள். ஷூவோடு அளந்து, மரியாதைக்கு மேலே ஒரு அங்குலமும் சேர்ப்பது வழக்கம். புத்தகத்தில் அண்ணன் ஆறடி ஐந்து அங்குலம். எங்கள் சமையலறைக் கதவு நிலையில் ஆறடி மூன்றரை. அத்தையோ வெறுங்காலில்தான் அளப்பாள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை நான் ஒரு சிறு உதவி செய்தேன். கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த காகித அளவுகோலைப் பிய்த்து, ஒன்றரை அங்குலம் கீழே இறக்கி ஒட்டினேன். இதைக் குற்றம் என்பவர்களுக்குத் தம்பிகளைப் பற்றித் தெரியாது.

புதன்கிழமை மத்தியானம் அண்ணன் ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோடு நின்றான். ஆறடி ஐந்து. பயிற்சியாளரே புருவத்தைத் தூக்கினார். அத்தை தன் ஷூவைக் கழற்றினாள். அதே இடத்தில் போய் நின்றாள்.

"என்ன வருது?"

"அஞ்சடி எட்டரை," என்றார் பயிற்சியாளர்.

"முப்பது வருஷமா அஞ்சடி ஏழுதான். அம்பத்து நாலு வயசுல வளர ஆரம்பிச்சுட்டேன் போல." அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் கூரையைப் பார்த்தேன். அங்கே சுவாரசியமாக ஒன்றும் இல்லை. "கீழ இறக்கின கைதான் மேல ஏத்தணும். போ."

ஏற்றினேன். அண்ணன் ஆறடி மூன்றரைக்கு இறங்கினான். என்னை அவன் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

அடுத்து மார்க்வெல். ஆறடி ஒன்பது. அத்தை குறிப்பேட்டைப் புரட்டினாள். அக்டோபரில் அதே சுவரில், அதே வெறுங்காலில், ஆறடி எட்டு.

"மறுபடியும் கை வச்சியாடா?"

"சத்தியமா இல்ல அத்தை."

என் சத்தியத்துக்கு ஊரில் உள்ள மதிப்பு அத்தைக்குத் தெரியும். வேனிலிருந்து இரும்பு நாடாவை எடுத்து வந்தாள். தரையில் மண்டியிட்டு, குதிகாலிலிருந்து அளந்தாள். மூன்று முறை. ஆறடி ஒன்பது. கைகளை விரிக்கச் சொன்னாள். விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை ஏழடி மூன்று. நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்த பயிற்சியாளர் பின்னால் நகர்ந்துகொண்டே போனார்.

"முட்டி வலிக்குதா தம்பி?" என்றாள் அத்தை மெதுவாக.

"படுத்தா வலிக்கும் மேடம். கிறிஸ்துமஸ்லேருந்து. சொன்னா ஆட விடமாட்டாங்கன்னு யார்கிட்டயும் சொல்லலை."

தன் காலைத் தானே மிதிக்கிறான் என்று சீசன் முழுக்கச் சிரித்தோம். நானே அவனைப் போல நடந்து காட்டி நாலு பேரிடம் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கால் போன மாதம் முடிந்த இடத்தில் இந்த மாதம் முடியவில்லை. அவன் புதுப்புது உடம்பை மாட்டிக்கொண்டு ஆட வந்திருக்கிறான், அதுவும் வாயைத் திறக்காமல்.

"உயரம் தானா போய்க் கூடை போடாது," என்றான் அண்ணன். "வாடா, பதினொரு புள்ளி வரைக்கும். நீயும் நானும்."

முதல் ஆட்டம் பதினொன்றுக்கு இரண்டு. அண்ணனுக்கென்று ஒரு வித்தை உண்டு. இடது தோளைச் சாய்ப்பான், எதிராளி அந்தப் பக்கம் போவான், இவன் வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வருவான். மார்க்வெல் ஐந்து முறை ஏமாந்தான். ஒருமுறை விழுந்து, "ஸாரி," என்று அண்ணனிடமே சொன்னான்.

இரண்டாவது ஆட்டம் பதினொன்றுக்கு ஆறு. தோள் சாய்ந்தும் மார்க்வெல் நகரவில்லை.

மூன்றாவதில் மார்க்வெல்லின் இடது தோள் சாய்ந்தது. அண்ணன் அந்தப் பக்கம் போனான். தன்னுடைய வித்தையில் தானே விழுந்தான். எழுந்து சுதாரித்து வலப்பக்கத்தை அடைத்தும்விட்டான். அதற்குள் பந்து மார்க்வெல்லின் இடது கைக்கு மாறி, அண்ணன் எம்பினாலும் எட்டாத உயரத்தில், பறவை கூட்டில் முட்டையை வைப்பது போல, சத்தமில்லாமல் கூடைக்குள் இறங்கியது. குளிர்பான இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது.

பதினொன்றுக்கு ஒன்பது. அண்ணன்தான் ஜெயித்தான். ஜெயித்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தத் தோளை எங்கடா கத்துக்கிட்டே?"

"இப்பதான். நீங்க பண்ணினீங்களே." மார்க்வெல் பயந்துபோனான். "பண்ணக்கூடாதா?"

அண்ணனுக்கு அது படிய நாலு கோடைக்காலம் ஆனது. அத்தனை கோடையும் பந்து பொறுக்கிப் போட்டவன் நான், அதனால் சொல்கிறேன். இவனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அத்தை எங்கள் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பன்றியிறைச்சி சாண்ட்விச் தட்டில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"உண்மையைச் சொல்லுங்க அத்தை," என்றான் அண்ணன். "இன்னைக்கு யார் நல்ல ஆட்டக்காரன்?"

"நீதான். அதுல என்ன சந்தேகம்?"

"அப்புறம் என்ன யோசனை?"

"கிளப் இன்னைக்கு ஆடற ஆட்டத்தை வாங்கலைடா. நாலு வருஷத்துக்குக் கட்டிப்போடறாங்க. நாலு வருஷம் கழிச்சு நீ எப்படி ஆடுவேன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுவேன். இதே மாதிரி, அழகா ஆடுவே. அவன் எப்படி ஆடுவான்னு..." அத்தையின் குரல் தேவாலயத்தில் பேசுவது போலத் தாழ்ந்துவிட்டது. "எனக்குத் தெரியலை. ஒன்பது வருஷமா பாக்கறேன், இப்படித் தெரியாம போனதே இல்லை. எங்க நிப்பான்னே தெரியலைடா."

"ஒண்ணுமில்லாம போயிட்டா?" என்றாள் அம்மா.

"போகலாம் டோரீன். இப்படிச் சின்ன வயசுல எடுக்கிற பசங்கள்ல எத்தனையோ பேர் போயிருக்காங்க. போனா என் வேலையும் போகும். ஆனா நாம விட்டு, வேற கிளப் எடுத்து, அவன் பதினஞ்சு வருஷம் நம்ம தலை மேலயே கூடை போட்டா, அதை உக்காந்து பாக்க என்னால முடியாது."

"பஸ்தான் இருக்கே அத்தை," என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அண்ணன் கணினியைத் தன் பக்கம் திருப்பினான். இரண்டு பேரைப் பற்றிய குறிப்புகளும் அதில் இருந்தன. பெயர் எழுதும் கட்டம் மட்டும் காலி. தன்னைப் பற்றியதை அவன் படிக்கவே இல்லை. மார்க்வெல்லைப் பற்றியதை வரிவரியாகப் படித்தான்.

"இடது கை பலவீனம்னு போட்டிருக்கீங்க."

"சீசன் முழுக்கப் பார்த்தேனே."

"அது இன்னைக்குக் காலைல வரைக்கும். அழிங்க."

அத்தை அழித்தாள். அதற்கு மேல் அவளால் தட்ட முடியவில்லை. மார்க்வெல்லின் பெயரை அண்ணன்தான் தட்டினான்.